முன்னாள் பிரதமருக்கு வண்டி ஓட்டுகிறவன்

1

மங்கலம்பேட்டை காஜா சில மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை ஃபோன் செய்தான். விருத்தாசலத்தில் நானும் அவனும் ஒன்றாகப் படித்தவர்கள். படிப்பு முடிந்து அவன் வளைகுடாவுக்குப் போனான். பத்து வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்து ஊரில் செல்ஃபோன் கடை வைத்துவிட்டான். நான் வடக்கே குளிர் நாட்டுக்கு வந்தவன், திரும்பவில்லை.

"ஏம்பா, அந்தப் பெரியவரு பின்னாடி கோட்ட கையில புடிச்சிக்கிட்டு நிக்கிறது நீதானா?"

"எதுல பாத்த?"

"வாட்ஸ்அப்புல சுத்துதுப்பா. 'தமிழனுக்காகப் பேசிய முன்னாள் பிரதமர்'னு எவனோ எழுதிப் போட்டிருக்கான். கடைக்கு வர்றவங்களுக்கெல்லாம் காட்டிட்டேன். அது கெடக்கட்டும், நீ என்னா அழுவுற மாதிரி நிக்கிற?"

"குளிருப்பா" என்றேன்.

அந்த மண்டபத்தில் குளிர் இல்லை. ஹீட்டர் போட்டு வியர்க்க வைத்திருந்தார்கள். காஜாவுக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகு ஃபோன் செய்த எல்லாருக்கும் ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஒரு நிமிடத்துக்கும் குறைவான வீடியோ அது. அதற்கு முன்னால் நடந்ததும் பின்னால் நடந்ததும் அதில் இல்லை.

நாட்டின் பெயரை எழுதவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அதுவும் தெரியும். அரசாங்க வண்டிப் பிரிவிலிருந்து இன்னும் எனக்குச் சம்பளம் வருகிறது. மற்றவர்களுக்கு அந்தக் காரணம் போதும்.

2

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், மின்சாரத்துக்கான பீங்கான் ஃபியூஸ் கட்டை செய்கிற ஒரு சின்ன கம்பெனியில் சூளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது இந்த நாட்டில் டைல்ஸ் ஆலைகளுக்கு ஆள் பற்றவில்லை. இங்கே பிரதமராக இருந்தவர் வெளிநாட்டிலிருந்து ஆட்களைக் குடும்பத்தோடு வரவழைக்க ஒரு சட்டம் கொண்டுவந்தார். அந்தச் சட்டத்தில் வந்தவர்கள்தான் நானும் என் மனைவி வாசுகியும், இடுப்பில் இருந்த மகள் கயலும்.

சில வருடத்தில் அவர் பதவியை விட்டு இறங்கினார். இன்னும் சில வருடத்தில் ஆலையையும் மூடினார்கள். வேலை தேடித் தருகிற அலுவலகத்தில், "உங்களுக்கு வேறு என்ன தெரியும்?" என்று கேட்டார்கள். வண்டி ஓட்டத் தெரியும் என்றேன். பயிற்சி, தேர்வு, போலீஸ் விசாரணை எல்லாம் முடித்து அரசாங்க வண்டிப் பிரிவில் சேர்த்தார்கள். இங்கே பிரதமராக இருந்து இறங்கியவருக்கு ஒரு வண்டியும் ஒரு ஓட்டுநரும் அரசாங்கம் கொடுக்கும். எனக்குக் கிடைத்த ஆள், நான் இந்த நாட்டுக்கு வரக் காரணமானவர். நான் அவரைப் பெரியவர் என்றே எழுதுகிறேன்.

முதல் நாள் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "நீ ஏறு" என்றேன். இந்த மொழியிலும் நம்மைப் போல 'நீ', 'நீங்கள்' இரண்டும் உண்டு. ஆலையில் முதலாளி தவிர எல்லாரும் எல்லாருக்கும் 'நீ'தான். எனக்கு வாயில் வந்ததும் அதுதான். பக்கத்தில் நின்ற காவலர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தப்பு புரிந்து நான் திருத்தப் போனேன். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அப்படியே கூப்பிடு. மனைவி போன பிறகு என்னை அப்படிக் கூப்பிட ஆளில்லை. மகன்கூட மற்றவர்கள் எதிரில் 'நீங்கள்' என்கிறான்."

அன்றிலிருந்து அவரை நான் 'நீ' என்றுதான் கூப்பிடுகிறேன். தமிழில் எழுதும்போது மட்டும் கை வரமாட்டேன் என்கிறது. என்னைவிடச் சின்னவர்களையே 'வாங்க, போங்க' என்று சொல்லி வளர்ந்த ஊர்க்காரன் நான். அதனால் இங்கே 'அவர்', 'சொன்னார்' என்றே எழுதுகிறேன்.

பதவி போன பிறகும் ஆளுக்கு மதிப்பு இருப்பது எனக்குப் புதிதில்லை. எங்கள் பெரியப்பா ஒரே ஒரு முறை ஒன்றியச் சேர்மனாக இருந்தார். அடுத்த தேர்தலில் தோற்றார். அதற்குப் பிறகு சாகும்வரை அவர் சேர்மன்தான். பாலக்கரை டீக்கடையில் அவர் போய் உட்கார்ந்தால் மனு எழுதிய காகிதத்தோடு நாலு பேர் பக்கத்தில் வந்து நிற்பார்கள். கல்யாணப் பத்திரிகைகளில் 'முன்னாள்' என்று சின்ன எழுத்தில் போட்டு, அவர் பெயரைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். ஃபியூஸ் கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்ததும் அவர் ஒரு வார்த்தை சொன்னதால்தான். வெளிநாட்டில் இதெல்லாம் இருக்காது என்று நினைத்துக்கொண்டு வந்தேன். இங்கேயும் இருந்தது. சத்தம்தான் குறைவு.

பெரியவர் வீட்டுக்குக் கேக்கும் பூவுமாக ஆட்கள் வருவார்கள். வந்தவர் ஒரு மணி நேரம் மீன் பிடிப்பதைப் பற்றிப் பேசுவார். எழுந்து கதவருகே போகும்போது, "அந்தத் துறைமுக விஷயத்தில் உங்கள் எண்ணம் என்ன?" என்பார். பெரியவர் ஒரு வரி சொல்வார். இரண்டு நாள் கழித்து, மந்திரி துறைமுக விஷயத்தில் மனதை மாற்றிக்கொண்டதாகப் பத்திரிகையில் வரும். கட்சியின் பாராளுமன்ற உறுப்பினர்களில் பத்துப் பதினைந்து பேர் அவர் முகத்தைப் பார்த்துத்தான் கை தூக்குவார்கள் என்று பேச்சு.

வருடம் போகப் போக வாசலில் நிற்கும் வண்டிகள் குறைந்தன. பிறகு தேர்தல் வருகிற வருடங்களில் மட்டும் வந்தார்கள், அவரோடு நின்று படம் எடுத்துக்கொள்ள. படத்துக்காக அவர் டை கட்டுவார். கை நடுங்க ஆரம்பித்த பிறகு நான் கட்டிவிட்டேன். "இவருக்கு என் ஓட்டு இல்லை, ஆனால் என் டை உண்டு" என்று ஒரு முறை காதோடு சொன்னார்.

எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு. மழை வருமா, பாலத்தில் நெரிசலா, டை நேராக இருக்கிறதா. பின்சீட்டில் பேசுவது முன்சீட்டுக்குக் கேட்கக்கூடாது என்பது எங்கள் பிரிவின் முதல் விதி. முன்சீட்டிலிருந்து பேசக்கூடாது என்பதை யாரும் சொல்லவில்லை. நானாகவே கடைப்பிடித்தேன்.

3

வாசுகிக்குப் பெண்ணாடம். சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகிற டிராக்டர் சத்தத்துக்கு நடுவில் கத்திப் பேசியே வளர்ந்தவள். அவள் இங்கே வந்து மெல்ல மெல்லப் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

முயற்சி செய்யாமல் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டே மாலையில் மொழி வகுப்புக்குப் போனாள். இந்த மொழியில் களைப்புக்கும் சாவுக்கும் ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். ஒரு நாள் படியேறி வந்தவளிடம் கீழ்வீட்டு அம்மாள் எப்படி இருக்கிறாய் என்று கேட்க, "களைப்பாக இருக்கிறேன்" என்பதற்குப் பதில் "செத்துவிட்டேன்" என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் பயந்துபோய் நாற்காலியும் தண்ணீரும் கொண்டுவந்துவிட்டார். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லி நாங்கள் மூவரும் சிரித்தோம். அதிகம் சிரித்தவள் கயல். அன்றைக்குப் பிறகு வாசுகி கீழ்வீட்டு அம்மாளைக் கண்டால் புன்னகை மட்டும் செய்வாள், வாயைத் திறக்கமாட்டாள்.

நாலு வருடத்துக்கு முன்னால் அவளுடைய அம்மா, என் அத்தை, குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். ஒரே மகள். வாசுகி கிளம்பிப் போனாள். அத்தையை விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்து வைத்துக்கொண்டாள். மூன்று மாதம் என்று போனது வருடமாயிற்று. படுத்த அத்தை எழுந்திருக்கவில்லை.

அதற்குள் வாசுகியின் குடியிருப்பு அட்டை காலாவதியாகிவிட்டது. குடியேற்ற அலுவலகத்தில் எண் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்து, என் முறை வந்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இளம்பெண்ணிடம் விவரத்தைச் சொன்னேன். அவள் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்கள் மனைவி வீட்டுக்குப் போய்விட்டார் என்று இருக்கிறது" என்றாள்.

"வீடு இங்கேதான் இருக்கிறது. அவர் அம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறார்."

"எங்கள் கணக்கில் வீடு என்பது வேறு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்புறம் ஒரு தகவல் தாளைத் தள்ளினாள். திரும்ப வர விண்ணப்பிக்கலாம். ஆனால் புதிய சட்டம் ஒன்று வரப் போகிறது, அதற்குள் செய்துவிடுங்கள் என்றாள்.

அத்தையை அப்படிப் போட்டுவிட்டு வாசுகி எப்படி வருவாள்? போன வைகாசியில் அத்தை போய்ச் சேர்ந்தார். நான் போய்ப் பத்து நாள் இருந்து காரியம் முடித்து வந்தேன். வாசுகியை அழைத்துக்கொள்ள விண்ணப்பமும் போட்டேன். அந்த நேரத்தில்தான் புதிய சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டால், மறுபடி உள்ளே வருவதற்கு முன் மொழித் தேர்வில் தேற வேண்டும். படிப்பாளிகளுக்கே கஷ்டமான தேர்வு. வாசுகியால் ஆகாது. அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

சட்டத்தைக் கொண்டுவந்தது பெரியவரின் கட்சி. இப்போதைய பிரதமர் ஒரு பெண்மணி. ஒரு காலத்தில் பெரியவரிடம் உதவியாளராக இருந்து, அவர் கைப்பையைத் தூக்கியவர்.

4

கயல் துறைமுக நகரத்தில் சட்டம் படிக்கிறாள். அவளுடைய பெயரை அவள் நண்பர்கள் 'காய்ல்' என்கிறார்கள். அவளும் ஃபோனில் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். என்னோடு இந்த நாட்டு மொழியில்தான் பேசுவாள். ஏதாவது வேண்டுமென்றால் மட்டும் தமிழுக்கு மாறுவாள்.

சட்டத்தை எதிர்த்து மாணவர்கள் ஊர்வலம் போனபோது முன்வரிசையில் அட்டை பிடித்துக்கொண்டு போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைப் பார்க்க வந்தாள். நான் செய்த சாம்பாரை நின்றுகொண்டே சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "அப்பா" என்று தமிழில் ஆரம்பித்தாள்.

"அவர்ட்ட நீங்க கேக்கணும்."

"நான் டிரைவரு கயலு. நான் என்னத்த கேக்கறது?"

"அவரு சொன்னா பத்து ஓட்டு மாறும். எங்க ஊர்வலத்துல மூவாயிரம் பேரு நடந்தோம், ஒரு ஓட்டு மாறல. நீங்க தெனமும் அவரு கூட ஒரே வண்டியில போறீங்க. அம்மாவுக்காகக்கூட வாயத் தொறக்க மாட்டீங்களா?"

"அப்படி கேக்கறது மரியாத இல்லம்மா."

அவள் மறுபடி அந்த மொழிக்கு மாறினாள். "உங்கள் மரியாதையில் அம்மா வெளியே நிற்கிறாள்" என்றாள். அந்த மொழியில் அது இன்னும் சுருக்கமாக, இன்னும் கூர்மையாக இருந்தது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிப் போனாள்.

அந்த வாரமே பிரதமர் பெரியவர் வீட்டுக்கு வந்தார். நெடுநாளைக்குப் பிறகு தெரு முழுக்கக் கறுப்பு வண்டிகள். நான் சமையலறையில் காவலர்களோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் அவர்கள் பேசியது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் கேட்காத மாதிரி இருந்தோம். கட்சி மாநாட்டில் பெரியவர் முன்வரிசையில் வந்து உட்கார வேண்டும். பேச வேண்டாம், உட்கார்ந்தால் போதும். வரும் தேர்தலில் அவர் மகனுக்கு ஒரு தொகுதி. நல்ல தொகுதி, நின்றால் ஜெயிக்கிற தொகுதி.

பெரியவர், "உன் அம்மா எப்படி இருக்கிறார்?" என்று கேட்டார். பிரதமர் ஏதோ சொன்னார். பிறகு வண்டிகள் போயின.

மறுநாள் அவரைப் பல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். வழியில் கப்பல் போவதற்காகப் பாலத்தைத் தூக்கிவிட்டார்கள். வண்டியை நிறுத்தினேன். கப்பல் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. கண்ணாடியில் பார்த்தேன், அவர் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசிவிட்டேன்.

பயத்தில் இலக்கணம் எல்லாம் போய்விட்டது. 'என் மனைவிக்குக் கதவு மூடப்படுகிறது' என்று சொல்ல நினைத்து, "என் மனைவி மூடப்படுகிறாள்" என்றேன். அவர் பழக்கத்தில் என்னைத் திருத்தினார். திருத்திய பிறகுதான் நான் சொன்னது அவருக்கு உறைத்தது.

"பெயர் என்ன?"

"யாருக்கு?"

"உன் மனைவிக்கு."

"வாசுகி."

"வா-சு-கி" என்று சொல்லிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அவர் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பிறகு அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"என்னிடம் நிறைய இருப்பதாக ஊரில் நினைக்கிறார்கள். இல்லை. இவர்கள் இன்னும் ஒரே ஒரு தடவை நான் சொல்வதைக் கேட்பார்கள். அதை என் மகனுக்காக வைத்திருந்தேன்."

பாலம் இறங்கிவிட்டது. பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. நான் கிளப்பினேன். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று அன்று முழுக்க எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

5

மாநாட்டு மண்டபத்தில் அவரை முன்வரிசையில் உட்கார வைத்தேன். அவருடைய மகன் பக்கத்து நாற்காலியில் புது கோட்டோடு இருந்தார், என் வயதுக்காரர். பெரியவர் தன் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஓட்டுநர்கள் வெளியே போய்விட வேண்டும். நான் திரும்பியபோது, "இங்கேயே நில்" என்றார்.

பிரதமர் பேசினார். கைதட்டல். அடுத்தவர் மேடைக்குப் போகுமுன் பெரியவர் எழுந்துவிட்டார். மைக் கேட்கவில்லை. ஆனாலும் யாரோ ஒருவர் ஓடிவந்து கையில் மைக்கைக் கொடுத்தார். அந்த அளவுக்கு அந்த மண்டபத்தில் அவருக்கு இன்னும் மதிப்பு இருந்தது.

வீடியோவில் நீங்கள் பார்த்தது அதற்குப் பிறகு வந்தது.

"இவர்களை வரச் சொன்னது நான்" என்றார். "என் கையெழுத்து. ஆலைக்கு ஆள் வேண்டும், வாருங்கள், மனைவியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கூப்பிட்டேன். வந்தார்கள். கூப்பிட்டவன் சாகவில்லை, இதோ நிற்கிறேன். நான் இருக்கும்போதே அவர்களை வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிறீர்கள்."

பிறகு என் பக்கம் கையை நீட்டினார்.

"இவர் என் வண்டியை ஓட்டுகிறார். இவர் மனைவியின் பெயர் வாசுகி. நம் மொழி தெரியாததால் அவர் இங்கே வரக்கூடாது என்கிறீர்கள். அவர் மொழியில் நன்றி என்பதற்கு என்ன சொல் என்று இத்தனை வருடத்தில் நான் கேட்டதில்லை. இந்த மண்டபத்தில் யாருக்காவது தெரியுமா?"

கேமரா என் பக்கம் திரும்பியது. ஆயிரம் பேர் என்னைப் பார்த்தார்கள். பெண்ணாடத்துப் பெண் ஒருத்தியின் பெயர் அந்த மண்டபத்தில் ஒலிபெருக்கியில் கேட்டது. பெயரைச் சொல்லப் போவதாக அவர் அவளிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. அவமானமாகவும் இருந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் முகம் எப்படி இருக்கும் என்று காஜா பார்த்துவிட்டான்.

பின்வரிசைகளில் முதியவர்கள் எழுந்து நின்றார்கள். நடுவில் சிலர் எழுந்தார்கள். முன்வரிசையில் யாரும் எழவில்லை. மகன் நாற்காலியில் இல்லை.

வண்டிக்கு வந்தபோது மகன் அங்கே நின்றிருந்தார். நாங்கள் ஏறியதும் கண்ணாடியைத் தட்டி இறக்கச் சொன்னார். "அப்பா, எனக்கு ஐம்பது வயது ஆகிறது. உங்களிடம் நான் கேட்டது இது ஒன்றுதான்" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

6

சட்டம் நிறைவேறியது. ஆனால் பெரியவரின் ஆட்கள் பத்துப் பதினைந்து பேரும் சேர்ந்து, கடைசி நேரத்தில் ஒரு திருத்தத்தைச் சேர்க்க வைத்தார்கள். பழைய சட்டத்தில் வந்தவர்களுக்கும் அவர்களுடைய கணவன் மனைவிக்கும் தேர்வு கிடையாது. மற்றவர்களுக்கு உண்டு.

கயலுடைய ஆட்களுக்கு அது போதவில்லை. "உங்களுக்குக் கிடைத்துவிட்டது" என்று ஃபோனில் சொன்னாள். 'நமக்கு' என்று சொல்லவில்லை.

அதற்கு அடுத்த மாதம் அரசாங்கச் செலவைக் குறைக்கிறோம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. முன்னாள் பிரதமர்களுக்கு வண்டி இனிமேல் அரசு விழாக்களுக்கு மட்டும்தான். உயிரோடு இருக்கிற முன்னாள் பிரதமர் அவர் ஒருவர்தான். என்னை ஊனமுற்ற குழந்தைகளைப் பள்ளிக்குக் கூட்டிப்போகிற வேனுக்கு மாற்றினார்கள். நல்ல வேலை, குறை சொல்வதற்கில்லை. கடைசி நாள் அவருடைய வீட்டு வாசலில் இறக்கிவிட்டேன். அவர் கைகொடுத்து, "பாலத்தில் நெரிசல் இருக்கும், சுற்றிப் போ" என்றார்.

வாசுகிக்கு அனுமதி வந்தது. செய்தியைச் சொல்ல வீடியோவில் கூப்பிட்டேன். அவள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். தொழிற்பேட்டையில் ஒரு பொம்மைக் கம்பெனியில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண்ணும் பொட்டும் வரைகிற வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். விரலில் பெயின்ட் இருந்தது. நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். டிக்கெட் எந்த வாரம் போடலாம் என்றேன்.

"நான் வரலங்க" என்றாள்.

"என்னம்மா சொல்ற?"

"கோவமா சொல்லலங்க. நெனச்சிப் பாத்துதான் சொல்றேன். இன்னிக்கி பஸ்ஸுல கண்டக்டரு பாலக்கரையில நிறுத்தாம தாண்டிட்டான். நான் ஒரு கத்து கத்துனேன் பாருங்க, பஸ்ஸே நின்னுடுச்சி. எறங்கி வூட்டுக்கு நடந்து வரும்போது எனக்கே சிரிப்பு. அங்க இருந்த அத்தன வருஷத்துல நான் யாருகிட்டயாவது ஒரு தடவ சண்ட போட்டிருக்கேனா?"

"இல்ல."

"சண்ட போடத் தெரியாத எடத்துல எப்படிங்க இருக்கறது? அங்க வந்தா நான் ஊமைங்க. இங்க அம்மாவப் பாத்துக்கிட்டேன், கஷ்டந்தான், ஆனா வாயிருந்துது."

"இதுக்காக எவ்ளோ பேரு…" என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டேன்.

"தெரியுதுங்க. அந்தப் பெரியவரு பேர சொன்னத நானும் பாத்தேன். நல்லா இருக்கணும் அவரு. நீங்க வந்துடுங்களேன்?"

ஓய்வூதியத்துக்கு இன்னும் சில வருடம் இருக்கிறது. கயலுக்குப் படிப்பு முடியவில்லை. அவள் ஊருக்கு வரமாட்டாள். நான் அங்கே போய்விட்டால் கயல் யாரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறுவாள்? இப்போதே மாதம் ஒரு முறைதான். இதையெல்லாம் நான் சொல்லவில்லை. வாசுகிக்குத் தெரியாததா? "பாக்கலாம்" என்றேன். "சாப்புட்டீங்களா?" என்றாள்.

7

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துப் பெரியவர் வீட்டுக்குப் போனேன். வண்டி இல்லாமல் அந்த வீட்டுக்குப் போவது அதுதான் முதல் தடவை. முன்வாசலில் மணி அடிப்பதா, வழக்கம்போலச் சமையலறைப் பக்கம் போவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன். அவரே ஜன்னலில் பார்த்துவிட்டு முன்வாசல் கதவைத் திறந்தார்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. மகன் வருவதில்லையா என்று நான் கேட்கவில்லை. தொலைக்காட்சியில் பாராளுமன்றம் ஓடிக்கொண்டிருந்தது. வரவுசெலவுத் திட்டத்துக்காக விடுமுறை நாளிலும் கூட்டம். காப்பி போட்டுக்கொண்டு வந்தேன். இருவரும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தோம்.

மீனவர் மானியத்தைப் பற்றி விவாதம். பெரியவருக்கு அதில் ஏதோ சொல்ல வேண்டியிருந்தது. "இவர்கள் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்" என்று ஃபோனை எடுத்தார். அவருடைய ஆட்களில் ஒருவருக்குப் போட்டார். தேர்தல் வருடத்தில் வந்து அவரோடு படம் எடுத்துக்கொண்டவர்களில் ஒருவர். மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருப்பது திரையில் தெரிந்தது.

அந்த மனிதர் சட்டைப்பைக்குள் கை விட்டு ஃபோனை எடுத்ததைப் பார்த்தோம். திரையைப் பார்த்தார். மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்.

பெரியவர் காதிலிருந்து ஃபோனை எடுக்க நேரமாயிற்று. "கூட்டத்தில் இருக்கிறார்" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

சும்மா இருக்க முடியாமல் காப்பிக் கோப்பைகளை எடுக்க எழுந்தேன். அப்போது என் ஃபோன் அடித்தது. வாசுகி. ஊரில் அது சாயங்கால நேரம். எடுக்கலாமா என்று தயங்கினேன். "எடு, எடு" என்றார் பெரியவர். நான் யாரோடு இருக்கிறேன் என்று வாசுகிக்குக் காட்டினேன். அவள் பதறிப்போய்ச் சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, வகுப்பில் கற்றதில் மிச்சமிருந்த ஒரு சொல்லைத் தேடி எடுத்து, "நன்றி" என்று அவருடைய மொழியில் சொன்னாள். உச்சரிப்பு சரியாக இருந்தது.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. திரைக்கு மிக அருகில் முகத்தைக் கொண்டுபோய், காது கேளாதவரிடம் பேசுவதுபோலச் சத்தமாக, "எப்போது வருகிறாய், வாசுகி?" என்று கேட்டார்.

அவ்வளவு அவளுக்குப் புரியும். என்னைப் பார்த்தாள். "நீங்களே சொல்லிடுங்க" என்றாள்.

அந்த மொழியில் அதை நான் இன்னும் யாரிடமும் சொன்னதில்லை. கயலிடம்கூடத் தமிழில்தான் சொல்லியிருந்தேன். சொற்களை மனதுக்குள் ஒரு முறை அடுக்கிப் பார்த்துக்கொண்டேன்.

"அவள் வரப்போவதில்லை" என்றேன். இலக்கணத்தில் தப்பில்லை.

பெரியவர் திரையில் இருந்த வாசுகியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். ஏன் என்று கேட்பார் என்று நினைத்தேன். என்னென்ன சொல்வது என்றுகூட யோசித்துவிட்டேன். அவர் கேட்கவில்லை. தொலைக்காட்சியில் யாரோ மேசையைத் தட்டினார்கள்.

"ஆனால், வரலாம் அல்லவா?" என்றார். "வர நினைத்தால் வரலாம். யாரும் தடுக்க முடியாது."

"வரலாம்" என்றேன். "யாரும் தடுக்க முடியாது."

அவர் தலையை ஆட்டினார். பிறகு ரிமோட்டைத் தேடியெடுத்து, ஒலியைக் கூட்டினார்.